நாற்பத்தெட்டு டிப்போவும் ஒரு ஆயுத பூஜையும்

“மெஷினுக்குப் பூப் போடுற கையால வயரையும் சேத்துப் புடுங்கணும்னு எந்தச் சாமிண்ணே சொல்லிச்சு?”

செவ்வந்தி போனில் இப்படிக் கத்தியது ஒரு ஆயுத பூஜை அன்று காலை. அந்தப் பக்கம் இருந்தவர் அரசப்பன், திருக்காட்டுப்பள்ளி உர டிப்போவின் கிளார்க், இவளுக்கு அப்பா வயது. அவரும் வாயில்லாப் பூச்சி இல்லை.

“ஏம்மா, சாமிக்கு வெச்சத மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? லீவு நாள்ல மெயின ஆஃப் பண்ணாமப் பூட்டிட்டுப் போயி, இடி எறங்கி எரிஞ்சா யாரு அழுவுறது? உங்கப்பாவக் கேட்டுப் பாரு, இன்னிக்கி மம்பட்டியத் தொட்டாரான்னு.”

“எங்கப்பா மம்பட்டிக்கு அப்டேட்டு போட வேண்டியதில்லண்ணே.”

“அப்ப மம்பட்டிதான் ஒசத்தி” என்று போனை வைத்துவிட்டார்.

கோபம் அவர்மேல் இல்லை. தப்பு யாருடையது என்று செவ்வந்திக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு கத்தல்.

விதையும் உரமும் விற்கும் கம்பெனி அது. டெல்டா முழுக்க நாற்பத்தெட்டு டிப்போ, டிப்போவுக்கு ஒரு கம்ப்யூட்டர். தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் மேய்ப்பது செவ்வந்தியின் வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன புரோகிராம் வேவுகாரன் மாதிரி உட்கார்ந்திருக்கும். உயிரோடு இருக்கிறேன், இடம் இவ்வளவு இருக்கிறது, பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று இவளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உயிரோடு இருந்தால் இவள் திரையில் பச்சை, இல்லையென்றால் சாம்பல். புதிதாக எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் இங்கிருந்தே அனுப்பலாம். வேதாரண்யத்துக் கிளார்க் தொலைத்த ஃபைலை, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இங்கிருந்தே தேடி எடுத்து வைத்திருக்கிறாள். நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பக்கம் பிளக் சுவரில் இருக்க வேண்டும்.

அவள் அப்பா ரெத்தினம் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று மா நிலம் சொந்தமாக வாங்கியவர். மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். படித்த கையோடு அவள் சென்னைக்குப் போய், ஊர் பேர் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களை நாலு வருஷம் பழுது பார்த்தாள். அங்கே அவள் வேலையை யாரும் குறை சொன்னதில்லை. ஹாஸ்டல் சாம்பாரை அவள் குறை சொல்லாத நாளும் இல்லை. பிறகு இளவழகனுக்கு வாக்கப்பட்டாள். அவன் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவன். மெரினாவில் நெல்லா விளைகிறது, அவன் அங்கே போய் அறுக்க? அதனால்தான் தஞ்சாவூரில் இந்த வேலை கிடைத்தபோது ஓடி வந்து ஒட்டிக்கொண்டாள். குழந்தையும் பிறந்தது.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து. ஜனவரியிலிருந்து எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அப்படி ஆனால் இவள் ஒரு ஊர், புருஷன் ஒரு ஊர், பிள்ளை யாரோடு என்று தினமும் பஞ்சாயத்து.

இந்த நேரம் பார்த்துப் பழைய பில் புரோகிராமுக்கு ஆயுள் முடிந்தது. வியாழக்கிழமை காலை டிப்போ திறக்கும்போது புதியது ஏறியிருக்க வேண்டும். சம்பா நடவு மும்முரம். யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறவனிடம் பில் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். புதன்கிழமை ஆயுத பூஜை லீவு, யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள், நாள் முழுக்க நிதானமாக ஏறட்டும் என்று செவ்வந்தி அன்றைக்கே வைத்தாள். தொட மாட்டார்கள் என்று நினைத்தவளுக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள் என்று தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே டிப்போ டிப்போவாகப் பூஜை போட்டு, பொரிகடலை தின்று, மெயினை அணைத்துப் பூட்டிவிட்டார்கள். கிளார்க் மீரா சாகிப்பின் டிப்போவில்கூட லோடுமேன்கள் பூஜை போட்டார்கள், பொரி அவர் செலவு. வேளாங்கண்ணி டிப்போ மட்டும் பச்சையாக இருந்தது. அங்கே கிளார்க் சுவிட்சை அணைக்க மறந்து மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். சோம்பேறித்தனமும் ஒரு நாள் உதவும்.

சென்னையிலிருந்து அவளுடைய மேனேஜர் ஹரிஹரசுப்ரமணியன் கூப்பிட்டார். கும்பகோணத்துக்காரர், குரலை உயர்த்தாமலே குத்தத் தெரிந்தவர்.

“ஸ்கிரீன்ல ஒண்ணே ஒண்ணுதான் பச்சையா இருக்கு. என்னம்மா இது?”

“பூஜை போட்டுட்டுப் பிளக்கப் புடுங்கிட்டாங்க சார்.”

“எனக்குத் தோணல, சரி. உனக்குமா தோணல? ஊர்ப் பழக்கம் தெரிஞ்ச ஆள் வேணும்னுதானே அந்த ரூமுக்கு வாடகை குடுக்கறோம்?”

“தோணல சார். லீவுன்னு மட்டும்தான் பாத்தேன். தப்பு என்னுதுதான்.”

“தப்பு யாருதுன்னு நான் கேக்கல. நாளைக்குக் காலைல பில் வரலன்னா அந்த ரூமுக்காக நான் எந்த வாயால பேசறது?”

லீவு நாள் என்று அவள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தால் அறுப்பு மிஷின் மாலையும் வாழைக்கன்றுமாக மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. சாவி சாமி படத்துக்கு முன்னால் கிடக்கிறது. இளவழகன் சட்டையில்லாமல் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான்.

“இப்ப எவனாவது வந்து வயல் காத்துக் கெடக்குன்னு சொன்னா மிஷின எடுப்பீங்களா?”

“எவன் வருவான்? நாளைக்கி விடியட்டும். பூஜையப் பிரிச்சு, ஒரு ரவுண்டு ஓட்டி வெச்சாத்தான் வருஷம் பூரா ராசி.”

செவ்வந்தி சுண்டல் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள். அதட்டலை மூட்டை கட்டி வைத்தாள். டிப்போ டிப்போவாக ஒரே பேச்சு: “அண்ணே, நாளைக்கி விஜயதசமி. மொத வேலைய நல்ல நேரத்துல மெஷினே ஆரம்பிக்கட்டும். விடிய ஆறரைக்கு சூடத்தக் காட்டிப் பிளக்க மாட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

மீரா சாகிப்தான் முதலில் குறுக்கே விழுந்தார். “ஆறரைக்கா? வியாழக்கிழமை ஆறுலேந்து ஏழரை எமகண்டம்மா.”

“உங்களுக்கு என்ன பாய் எமகண்டம்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கி எவன் கால்லயாவது மூட்டை விழுந்தா, பாய் எமகண்டத்துல மெஷினப் போட்டாருன்னு என்னையத்தானே சொல்லுவானுங்க?”

நியாயம்தான். அப்படியென்றால் எல்லோரும் ஏழரைக்கு மேல் ஒன்றாகச் சுவிட்சைப் போடுவார்கள். ஒன்றாகப் போட்டால், டிப்போ திறப்பதற்குள் இருக்கிற கொஞ்ச நேரத்தில் முடியாது, தஞ்சாவூரிலிருந்து போகிற நெட் லைன் திணறும். ஆற்றில் தண்ணீர் வந்தால் மேல்மடைக்காரன் வயிறு முட்டப் பாய்ச்சிக்கொள்வான், கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்த லைனும் அதே ஜாதி. தஞ்சாவூரை ஒட்டிய டிப்போக்கள் சட்டென்று இழுத்துக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ரெத்தினம் மகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைச் சொல்லித் தர வேண்டுமா? கடற்கரைப் பக்கத்து டிப்போக்களை எமகண்டத்துக்கு முன்னாலேயே, ஆறுக்குள் பிளக்கை மாட்டச் சொன்னாள். மற்றவர்களுக்கு ஏழரைக்கு மேல், பக்கம் பக்கமாக, ஒருவர் முடித்த பிறகு ஒருவர்.

அரசப்பனைக் கடைசியாகக் கூப்பிட்டாள்.

“காலையில கத்திட்டேன்ணே. மனசுல வெச்சுக்காதீங்க.”

“மனசுல வெக்க எடமில்ல, டிப்போ பூரா மூட்டை. ஏழரைக்கு மேல நானே மாட்டுறேன். அதுக்கு முன்னாடி கலெக்டரே வந்து நின்னாலும் மாட்ட மாட்டேன்.”

வியாழக்கிழமை விடியும் முன்பே கடற்கரைப் பக்கம் ஒவ்வொன்றாகப் பச்சையானது. கோடியக்கரைப் பக்கத்தில் ஒன்று பாதியில் நின்று அவள் உயிரை வாங்கியது. இங்கிருந்தே அதைத் தட்டி எழுப்பி, விட்ட இடத்திலிருந்து ஏற வைத்தாள். ஏழரைக்கு மேல் மன்னார்குடி, பாபநாசம், ஒரத்தநாடு என்று வரிசையாக வந்தது. டிப்போ திறக்கிற நேரத்துக்குத் திரையில் ஒரே ஒரு சாம்பல்தான். திருக்காட்டுப்பள்ளி.

“என் மொறைக்கே மாட்டிட்டேம்மா. பட்டன அமுக்குறேன், ஒண்ணும் வரல. லைன்ல ஜனம் நிக்கிது” என்றார் அரசப்பன். குரலில் நேற்றைய மிடுக்கு இல்லை.

செத்துக் கிடக்கிற மெஷினை எந்த மென்பொருளும் எழுப்பாது. செவ்வந்தி ஸ்கூட்டரை எடுத்தாள். போய் இறங்கியபோது டிப்போ வாசலில் விவசாயிகள் மூட்டைமேல் உட்கார்ந்து நேற்றைய பொரியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“மேடம் வந்துட்டாங்கய்யா, இனிமே மூட்டை தானாப் பறக்கும்” என்றார் ஒருவர்.

“பறக்குறப்ப தலையில விழாமப் பாத்துக்கங்க” என்று உள்ளே போனாள்.

கம்ப்யூட்டர் பெட்டிமேல் செவ்வரளி மாலை. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். அப்பியதில் பட்டன் உள்ளே போய், சந்தனம் காய்ந்து, வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஏண்ணே, இவ்வளவு பெரிய பெட்டியில உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா?”

“நெத்தி எதுன்னு பாத்தேம்மா. லைட்டு எரியிற எடம்தான் நெத்தின்னு வெச்சேன்.”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொண்டை ஊசியை உருவிச் சந்தனத்தைச் சுரண்டினாள். பட்டன் டக்கென்று வெளியே வந்தது. அமுக்கினாள். மெஷின் இருமிக்கொண்டு எழுந்தது. வாசலில் பொரி தீர்ந்து, டீ வந்து, டீயும் தீர்ந்த பிறகு முதல் பில் வெளியே வந்தது. அரசப்பன் அதைக் கிழித்து, கண்ணில் ஒற்றாத குறையாக வரிசையில் முதலில் நின்றவரிடம் கொடுத்தார்.

மேனேஜர் சாயங்காலம் கூப்பிட்டார். “நாப்பத்தேழும் நேரத்துக்கு வந்துடுத்து. அந்தக் கடைசி ஒண்ணு ஏன் லேட்?”

சொன்னாள். அந்தப் பக்கம் அந்த மனுஷர் சிரித்தது கேட்டது.

“சென்னைலேர்ந்து சந்தனம் சுரண்ட ஆள் அனுப்ப முடியாதுன்னு மேல சொல்றேன்.”

சொன்னார் போலிருக்கிறது. தீபாவளிக்கு முன்னாலேயே தகவல் வந்தது: அடுத்த வருஷமும் அறை தஞ்சாவூரில்தான். எந்த அப்டேட் எந்த நாளில் என்று முடிவு செய்வது இனிமேல் செவ்வந்தி பொறுப்பு. நாள் பிசகினால் திட்டு வாங்குவதும் அவளேதான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கீழவாசலில் ஒரு கடையில் ஏறி, தினசரி காலண்டர் கேட்டாள்.

“இந்த வருஷத்தது ரெண்டு மாசந்தாம்மா மிச்சம். சும்மா எடுத்துட்டுப் போ” என்றார் கடைக்காரர்.

“ஓசியெல்லாம் வேணாங்க. வர்ற வருஷத்தது குடுங்க. எமகண்டம், ராகு காலம், பண்டிகை எல்லாம் பெருசாத் தெரியணும்.”

நூற்றிருபது என்றார். நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.