கோவிந்தராசு சார் பதில் சொன்ன வெள்ளிக்கிழமை

வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகள் படிக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் கோவிந்தராசு பதினெட்டு வருடமாகக் கணக்கு எடுத்துவந்தார். உப்பளத்து வீட்டிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில் எட்டே முக்காலுக்குள் வந்துவிடுவார். லீவு போட மாட்டார். பத்தாம் வகுப்பில் அவர் பாடத்தில் ஆறு வருடமாக ஒருவரும் ஃபெயிலாகவில்லை.

பிரம்பு ஒன்று வைத்திருந்தார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று வந்த சுற்றறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நாலு பேரை அடித்தார். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மில்லில் வேலை பார்த்த அவருடைய அப்பா, மகனும் பஞ்சுத் தூசி தின்னக் கூடாது என்று பெல்ட்டால் அடித்துத்தான் படிக்க வைத்தார். அந்த அடியால்தான் வாத்தியார் ஆனோம் என்று கோவிந்தராசு நம்பினார். வகுப்பிலும் அதைச் சொல்வார்.

2007 ஜூனில் கலைவாணி என்ற தலைமையாசிரியை காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தார். வந்த இரண்டாம் மாதமே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் பிள்ளைகள் சபைக்கு என்று ஒதுக்கிவிட்டார். பிள்ளைகள் பேசுவார்கள். ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. யாரைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அவர் அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து பதில் சொல்ல வேண்டும். ஒரு மாணவி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"இனிமே அதுங்க நமக்குப் பரீட்சை வைக்கும் சார்" என்றார் தமிழாசிரியர் கலியமூர்த்தி. ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தராசுவும் சிரித்தார்.

முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியின் பாசியைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு சின்னப் பெண் சொன்னாள். திங்கட்கிழமை தாழ்ப்பாள் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வாய் திறந்தது.

நாலாவது வாரம் ஒன்பதாம் வகுப்பு ஹேமலதா எழுந்தாள். கடற்கரையில் மீன் விற்கும் அன்னக்கிளியின் மகள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

"கணக்கு சார் அடிக்கறதப் பத்திச் சொல்லணும். வலிக்குதுன்னு சொல்ல வரல. வீட்லயுந்தான் அடி வாங்கறோம். ஆனா சார் பிரம்ப எடுத்தா எனக்குக் கணக்கு மறந்துபூடுது. வீட்ல போட்டா வருது, போர்டுகிட்ட வந்தா வரல. தெரியாததுக்கு அடிச்சாக்கூடப் பரவால்ல. தெரிஞ்சதுக்கும் அடி வாங்கறேன்."

"எழுதிக்கோ" என்றார் கலைவாணி, நோட்டு வைத்திருந்த பெண்ணிடம்.

கோவிந்தராசுவுக்குக் காது சூடாகிவிட்டது. பதில் சொல்லாதீங்க, ஆசிரியர் சங்கத்துல பேசிக்கலாம் என்றார் கலியமூர்த்தி. கோவிந்தராசுவுக்கு வேறு ஒரு வழி தோன்றியது. பெற்றவர்களே தன் பக்கம் இருக்கும்போது சபை என்ன செய்துவிடும்? சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை வைத்திக்குப்பத்துக்கு விட்டார்.

அன்னக்கிளி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாத்தியாரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா சார், இம்மாந்தூரம்?"

அவர் விஷயத்தைச் சொன்னார்.

"உங்களையா? எம் பொண்ணா?" அன்னக்கிளிக்கு நம்ப முடியவில்லை. "நல்லா அடிச்சிப் படிக்க வையுங்க சார்னு நான்தான சேத்து வுட்டேன். ஏ ஹேமா! வாடி வெளிய!"

ஹேமலதா வந்தாள். அம்மா அவள் முடியைப் பிடித்து முதுகில் நாலு வைத்தாள். அந்தப் பெண் ஓடவில்லை, அழவும் இல்லை. அடி விழ விழ, கோவிந்தராசுவைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினாள்.

அவர் வகுப்பில் எல்லோரும் இடது கையைத்தான் நீட்டுவார்கள். வலது கையில் வாங்கினால் எழுத முடியாது. அதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

"விடுங்கம்மா, போதும்" என்றார்.

"நீங்க வந்து சொன்னதாலதான சார் அடிக்கறேன்" என்றாள் அன்னக்கிளி.

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் என்று கிளம்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றதும் தாளைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார்.

"ஹேமலதா சொன்னது நெசமா இருக்கும். எனக்கு அடிக்காம கணக்கு சொல்லித் தரத் தெரியாது. வேலைக்கு வந்ததுலேந்து இப்படித்தான். ஒரு மாசம் பிரம்ப எடுக்காம பாக்கறேன். கிளாஸ் கெட்டுப்போச்சுன்னா நீங்க பதில் சொல்லணும்."

உட்காரப் போனார். ஹேமலதா எழுந்தாள்.

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீங்களே சார், அது?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கலைவாணிக்கு இது புதுச் செய்தி. கோவிந்தராசு மறுபடி நிமிர்ந்து நின்றார்.

"அது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

நோட்டு வைத்திருந்த பெண் பேனாவோடு நிமிர்ந்தாள். "மன்னிப்புன்னு எழுதவா சார்?"

"எழுது."

அந்த ஒரு மாதம் அவருக்கு நரகமாக இருந்தது. வகுப்பில் சத்தம் அடங்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கோபம் தலைக்கேறினால் வெளியே போய் வராந்தாவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவார். ஹேமலதாவைப் போர்டுக்குக் கூப்பிட்ட முதல் நாள் அவள் ஒரே கணக்கில் இருபது நிமிடம் நின்றாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பாதிதான் போட்டாள். போட்ட பாதி சரியாக இருந்தது.

ஒரு மாதம் முடிந்தும் அவர் பிரம்பைத் தொடவில்லை. ஆனால் நவம்பரில், தொண்டை கட்டித் தான் இருமுவதைப்போல் இருமிக்காட்டிய ஒன்பதாம் வகுப்புக் காத்தவராயனை ஓர் அறை அறைந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை யாரும் எழுவதற்கு முன் அவரே எழுந்து நடந்ததைச் சொன்னார். "பரவால்ல சார், நாந்தான் கிண்டல் பண்ணேன்" என்றான் காத்தவராயன். கிண்டலுக்குத் தனியாகப் பேசலாம், அறைந்தது அறைந்ததுதான் என்றார் கலைவாணி. இரண்டும் நோட்டில் ஏறின.

2009 பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் இரண்டு பேர் ஃபெயில். கலியமூர்த்தி ஆசிரியர் அறையில் அதைப் பலமுறை சொன்னார். ஹேமலதா எழுபத்தொன்று வாங்கினாள். ஃபெயிலான இருவருக்கும் கோவிந்தராசு விடுமுறையில் தினமும் சொல்லிக் கொடுத்தார். மறுதேர்வில் ஒருவன் தேறினான். இன்னொருவன் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். அடித்திருந்தால் அவன் தேறியிருப்பானோ என்று கோவிந்தராசு வெகுநாள் யோசித்தார்.

அந்த வருடமே கலைவாணிக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்த தலைமையாசிரியர் சபையை எடுத்துவிட்டு அந்தப் பீரியடில் சிறப்பு வகுப்பு வைக்கச் சொன்னார். ஆசிரியர் கூட்டத்தில் அதுவரை வாயே திறந்திராத கோவிந்தராசு எழுந்தார்.

"அதுங்க பேசற நேரம் சார் அது. அத எடுக்கறதுன்னா அதுங்களக் கேட்டுட்டு எடுங்க."

பிள்ளைகளைக் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை நடத்தலாம் என்று முடிவானது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மறு வருடம் ஓய்வு பெற்றார்.

இப்போது உப்பளத்து வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறார். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் வழக்கம்போல், "அடிச்சிச் சொல்லிக் குடுங்க சார்" என்கிறார்கள். "அதுக்கு வேற வாத்தியாரப் பாருங்க" என்கிறார். இரண்டு பேர் அப்படியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து பேர் வருகிறார்கள்.