பக்கத்தில் எரிந்த மெழுகுதிரி

சகோதரங்களே, ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். கேட்டபிறகு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். கைதட்டுவதைக் கடைசிவரை வைத்திருங்கள். சிலவேளை தேவைப்படாது.

போன வருடம் தவக்காலம். தாதியர் படிப்பை முடித்த கையோடு என் மகள் ஷறோன், தொண்டு வேலைக்கு மலாவி போகப்போவதாகச் சொன்னாள். கிராமத்துப் பெண்களுக்கு மாதவிலக்கு, கருப்பை, பிள்ளைப்பேறு பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வேலை. புலம்பெயர்ந்து வந்த இந்த அஜின்கோர்ட்டில், எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொற்கள் அதுவரை விழுந்ததில்லை. நான் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்தேன்.

"உதுகளைச் சொல்லிக் குடுக்க அங்கை ஆக்கள் இல்லையோ பிள்ளை?"

"அவையளும்தான் சொல்லிக் குடுக்கினம். நான் ஹெல்ப் பண்ணப் போறன். பதறாதேங்கோ. சில், அப்பா."

நான் சில் ஆகவில்லை. மலேரியா, பாம்பு, சிங்கம், எல்லாவற்றையும்விட ஆபத்தான எங்கள் சனத்தின் வாய். கோயில் வாசலிலேயே ஒரு அன்ரி கேட்டுவிட்டா: "கலியாணம் பேசுற வயசிலை உந்த விசயம் படிப்பிக்கவோ அனுப்புறியள்?"

புனித அந்தோனியாரிடம் ஓடினேன். செவ்வாய்தோறும் அவர் சுரூபத்தின் முன் ஒரு மெழுகுதிரி. பயணத்தை நிற்பாட்டும் என்று மன்றாடினேன். அவள் போய்விட்டாள். மன்றாட்டை மாற்றினேன்: எப்படியாவது அவளை வீட்டுக்குக் கொண்டுவாரும். 'எப்படியாவது' என்று வாய் தவறியும் கேட்காதீர்கள்.

மனைவி ஜெசிந்தாவும் என் பக்கத்தில் நின்று தன் திரியைக் கொளுத்துவாள். கண் கலங்கும். மகளை நினைத்துத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். நேர்த்திக்கடனை வெளியே சொன்னால் பலிக்காது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு, ஷறோன் வீடியோவில் வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் எஸ்தர் என்ற பெண் மட்டும் நின்றாளாம். மாதவிலக்கு நின்று வருடக்கணக்காகிவிட்டது, இப்போது திரும்ப இரத்தம் போகிறது, கடவுளைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாளாம்.

"அது டேஞ்சர் சைன், அம்மா. உடனை செக் பண்ணவேணும்."

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் கத்தி நின்றது.

"எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை. கோடை துடக்கம். அந்தோனியாருக்கு மட்டும்தான் சொன்னனான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாரத்தோடும் வீட்டுச் செருப்போடும் பனிக்குள் ஓடி, ஆஸ்பத்திரிக்கென்று காரை எடுத்து, சந்திச் சிக்னல்வரை போய்விட்டேன். நோயாளி வீட்டில் நிற்கிறாள். திரும்பி வந்தபோது கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னப்பா, என்னையும் ஏத்திக்கொண்டு போற யோசனை இருக்கோ?"

கருப்பையில் புற்றுநோய். சத்திரசிகிச்சை என்றார்கள். ஷறோன் கிடைத்த விமானத்தில் வந்து இறங்கினாள். என் மன்றாட்டு அப்படியே பலித்துவிட்டது. விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, 'நான் இப்படிக் கேட்கவில்லை அந்தோனியாரே' என்றேன்.

ஜெசிந்தாவை உள்ளே கொண்டுபோனார்கள். செபமாலையை எடுத்தால் 'அருள் நிறைந்த மரியே'க்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. 'முந்திக் கேட்டதை விடும் ஆண்டவரே, இவளை விடாதேயும்' என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் விட்டுவிடவில்லை. பரவவில்லை, முழுவதும் எடுத்தாயிற்று என்று முடிவு வந்தது. இன்னும் பிந்தியிருந்தால் வேறு கதை என்றார் டொக்டர். நான் அந்த இடத்திலேயே முழந்தாளிட்டேன். விழுந்துவிட்டேன் என்று நினைத்து நேர்ஸ் கதிரை கொண்டு ஓடிவந்தா.

அன்று பின்னேரம், கோயில் வாசலில் கேட்ட அதே அன்ரி சூப்போடு வந்தா. புற்றுநோய் வருத்தத்துக்கு 'வயித்துக் கட்டி' என்று அவவே பெயர் வைத்திருந்தா. அந்த நேரம் ஷறோனின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பிள்ளை குலுங்கி அழுதாள்.

"ஏன் பிள்ளை அழுறாய்? அம்மாவுக்குத்தான் சுகமாச்சே."

"எஸ்தர் செத்துப் போனா, அன்ரி."

ஒரே வருத்தம், ஒரே வெட்கம். அந்தப் பெண் வாய் திறந்ததால்தான் என் மனைவியும் வாய் திறந்தாள். இவளின் கைப்பைக்குள் இலவச வைத்தியத்துக்கான ஹெல்த் கார்ட் இருந்தது. எஸ்தருக்குப் பெரிய ஆஸ்பத்திரி எட்டாத தூரம். அவளும் செபித்தவள்தான். இந்த இடத்தில் 'ஆண்டவரின் சித்தம்' என்று சொல்ல விரும்புகிறவர்கள், தயவுசெய்து எனக்குக் கேட்காமல் சொல்லுங்கள்.

ஜெசிந்தா இருக்கிறாள். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன். கசப்போடுதான் சொல்லுவேன். ஆண்டவரும் வாங்கிக்கொள்கிறார். ஷறோன் மலாவிக்குத் திரும்பிப் போனாள். பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். அன்ரி இப்போது ஜெசிந்தாவுக்குத் தனியாகப் போன் எடுக்கிறா, குரலைத் தாழ்த்திக் கேள்விகள் கேட்கிறா.

செவ்வாய்களில் இப்போது எங்களுக்கு மூன்று திரி. கொளுத்தமுதல் நான் கேட்பேன்.

"உமக்கு இண்டைக்கு என்ன மன்றாட்டு?"

"சொன்னாப் பலிக்காதப்பா."

"பலிக்காட்டிலும் பரவாயில்லை. சொல்லும்."

சொல்லுகிறாள். மூன்றாவது எஸ்தருக்கு. அதன் முன்னால் நான் செபிப்பதில்லை, அந்தோனியாரோடு சண்டைபிடிக்கிறேன். அவரும் பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

ஆண்டவர் கேட்கிறார், சகோதரங்களே. நம்பிக் கேளுங்கள். ஆனால் திரியைக் கொளுத்தமுதல், பக்கத்தில் இன்னொரு திரியோடு நிற்கிறவளை ஒருக்கால் திரும்பிப் பாருங்கள். அவளிடமும் கேளுங்கள்.