பூஜை அறையில் அடுக்கிய புத்தகங்கள்

மூலக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஓதம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான், பூஜை அறை. சாமி கும்பிடாத எங்களுக்கு அது எதற்கு? என் புத்தகங்களை அங்கே அடுக்கினேன். மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்ததால், அந்த வீட்டை விட எங்களுக்கு மனமில்லை.

2024 சரஸ்வதி பூஜை. வெள்ளிக்கிழமை. பெரிய மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. தண்ணீர் மோட்டார் போட, மாடியில் இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்திருந்தோம். உள்ளே ஊதுவத்திப் புகை. புத்தகம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பல வருடம் தேடி வாங்கிய பிரெஞ்சுக் காலத்துப் பஞ்சாங்கத்தின் அட்டையில் ஈரச் சந்தனம் ஊறி, ஆண்டு அழிந்துபோயிருந்தது. எடுத்துத் துடைக்கப் போனேன்.

"தொடாதீங்க சார், நாளைக்குதான் எடுக்கணும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

"யாரக் கேட்டும்மா செஞ்சீங்க?"

"நீங்கதான பூஜை ரூம்ல வெச்சிருக்கீங்க? எல்லாருக்கும் ஒரு சாமி உண்டு சார். உங்களுக்கு இது."

தப்பு கண்ட இடத்தில் ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதுகிறவன் நான். எந்த பக்தன் தன் சாமியைத் திருத்துகிறான்?

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "சாமி மேல உங்களுக்கு இன்னா சார் கோவம்? வீட்ல எதுனா ஆயிடுச்சா?"

"இல்லாதவர் மேல எதுக்குங்க கோவம்? உங்க மேலதான்."

மனைவி என் கையைக் கிள்ளினாள். அடுத்த மாதம் அக்ரிமென்ட் முடிகிறது. அது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"வெள்ளிக்கெழமைல ஒரு வெளக்கு ஏத்துங்க, போதும். அக்ரிமென்ட் போட்டுக்கலாம். நம்பாதவருக்கு ஒரு வெளக்குல இன்னா கொறஞ்சிடப் போவுது?"

வில்லியனூர் மாதாவுக்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் அவர்கள். எந்தச் சாமியானாலும் சம்மதம். ஒன்றுமே இல்லை என்பதுதான் பொறுக்கவில்லை. நம்பாமல் ஏற்றும் விளக்கு பொய் என்று எனக்கு உறைத்தது. நம்புகிற அவருக்கு உறைக்கவில்லை!

"ஏத்த மாட்டேன்" என்றேன். பஞ்சாங்கத்தைத் துடைத்து, அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து படித்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை.

மனைவி இப்போது இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீட்டைக் காலி செய்த அன்று, கடைசிப் புத்தகப் பெட்டி வண்டியில் ஏறுவதற்குள், வீட்டுக்காரர்கள் பூஜை அறையைக் கழுவிவிட்டு விளக்கை ஏற்றிவிட்டார்கள்.