விஜயராணியம்மாவின் சிவப்பு அம்புகள்

திருப்பூர் லுத்தரன் சபைக்கு நான் போதகராக வந்த முதல் ஞாயிறு, தோளில் ஒரு சிவப்பு அம்புக்குறியோடு ஆராதனை நடத்தினேன். எனக்கு அது தெரியாது. பீடத்தைப் பார்த்து நின்று நான் ஜெபித்துவிட்டுத் திரும்பியபோதெல்லாம், சபை கண்ணை மூடாமல் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. புதுப் போதகர்மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றியதும் என் மனைவி சிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விரல்நுனி அளவுக்கு ஒரு காகித அம்பு. அது காட்டிய இடத்தில் தோள்பட்டைத் தையல் இரண்டு அங்குலம் பிரிந்திருந்தது.

ஒட்டியவர் விஜயராணியம்மா. கேலிக்காக ஒட்டவில்லை. சனிக்கிழமை அங்கியைத் துவைத்துத் தேய்த்து மாட்டும்போது பிரிந்த தையலைப் பார்த்திருக்கிறார், அம்பை ஒட்டியிருக்கிறார். அவர் வேலை அதோடு முடிந்தது. பார்க்காமல் எடுத்து மாட்டிக்கொண்டது என் தப்பு.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் பிழைக்க வந்தவர். வயது ஐம்பத்து மூன்று. கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே அவர் மேஜையில் ஒரு நாளைக்கு ஐநூறு அறுநூறு பனியன் வந்து விழும். ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பார். எண்ணெய்க் கறையோ ஓட்டையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. சரிசெய்வது வேறு ஆள் பாடு. தைத்தவருக்குக் காய்ச்சல், மிஷின் பழசு, நேற்று வீட்டில் சண்டை, இந்தக் கதையெல்லாம் அந்த மேஜைக்கு வராது. மோசேயின் நியாயப்பிரமாணத்துக்குச் சேலை கட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் விஜயராணியம்மாவைக் காட்டுவேன்.

அந்த ஸ்டிக்கர் தாள் ஒன்று அவருடைய பைபிளுக்குள்ளும் இருக்கும். பாட்டு எண் பலகையில் தலைகீழாக மாட்டிய ஒன்பதுக்கு ஓர் அம்பு. கீபோர்டில் ஊமையாகிப்போன கட்டைக்கு ஓர் அம்பு. ஒருமுறை பிரசங்கக் குறிப்பை முன்கூட்டியே மேடையில் வைத்துவிட்டு வந்தேன். ஏறிப் பார்த்தால் கெட்ட குமாரன் கதை ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அம்பு, பக்கத்தில் பென்சிலில் ‘மூணாவது தடவை’ என்று ஒரு குறிப்பு. ஏழு வருஷம் இறையியல் படித்தவன் நான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தம்மா சொன்னது பொய்யென்று காட்டிவிட வேண்டுமென்று வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்புகளையெல்லாம் கிளறினேன். மூன்றாவது தடவை இல்லை, நான்காவது. ஒரு ஞாயிறு அவர் கம்பெனி வேலையால் வரவில்லை.

எங்கள் சபையில் எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தீர்மானிப்பது பரிசுத்த ஆவியானவர் அல்ல, தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கப்பல். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் ஞாயிறும் கம்பெனி ஓடும், நான் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்வேன். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் எப்படியாவது பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் திருவிருந்து. பீடத்துத் துணி, பாத்திரம், திராட்சரசம், அப்பம் எல்லாம் விஜயராணியம்மாவின் பொறுப்பு. அது போக ஒரு வாரம் அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ரொட்டியும் பாலும், இன்னொரு வாரம் ஏதாவது ஒரு லைன் வீட்டில் ஜெபக்கூட்டத்துக்குப் பாய் விரிப்பது. பெண்கள் சங்கம் ஒன்றரை மணி நேரம் கூடிப் பேசித் தீர்மானம் போடும். இவர் அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து தீர்மானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. திருவிருந்தில் பங்கெடுக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளத்தான் என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்பம் எத்தனை எடுத்து வைப்பது என்று தெரிந்துகொள்ள என்பது நடைமுறை. இப்போது ஜனங்கள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள், விஜயராணியம்மா அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். நான் வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் எதற்கோ அந்த நோட்டைப் புரட்டினேன். எல்லார் பெயரும் இருந்தது. எழுதினவர் பெயர் இல்லை. முந்தின மாதத்திலும் இல்லை. அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். பதினேழு வருஷமாக இல்லை.

அப்பம் கொடுக்கிறவன் நான். இரண்டு வருஷமாக ஒரு ஆள் பந்திக்கு வரவில்லை, அதுவும் பந்தி பரிமாறுகிற ஆள், எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு கவனித்தேன். ஆராதனை முடிந்ததும் அவர் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைப் பின்பக்கக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். விளிம்பில் ஏதோ குறை தேடுகிறார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது குறை தேடுகிற முகம் இல்லை. பசித்தவர் அடுத்தவர் தட்டைப் பார்க்கிற முகம்.

கேட்டுவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“தப்புள்ள பீஸ் பெட்டிக்குள்ள போகக் கூடாதுல்ல ஐயா.”

என்ன தப்பு என்று கேட்டதற்கு மூன்றாம் வரிசையைக் காட்டினார். அங்கே வழக்கமாக உட்காருகிறவர் ராமுத்தாய். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எலிசபெத். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரந்த எலிசபெத் என்று அவரும் சேர்ந்து தேடுவார். அவர் விஜயராணியம்மாவின் கூடப்பிறந்த அக்கா என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பதினேழு வருஷத்துக்கு முன் இருவருக்கும் ஒரே கம்பெனி. அக்கா ஓவர்லாக் டெய்லர், தங்கை செக்கிங். ஒரு நாள் அக்கா தைத்த பீஸ்களில் நூற்றுப் பதினாறில் தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது. தங்கை நூற்றுப் பதினாறு அம்பு ஒட்டி, அள்ளிக்கொண்டு போய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். அந்த ஆள் அவ்வளவையும் தையல் லைன் முழுக்கப் பார்க்க அக்காவின் காலடியில் கொட்டி, அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டான். அக்கா வீட்டில் ஒற்றை மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார். அதோடு பேச்சு நின்றது. ஒரே கோயிலுக்குத்தான் வருகிறார்கள், ஒருவர் வடக்கு வாசல் வழியாக, மற்றவர் தெற்கு வாசல் வழியாக.

சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் அதைத் தீர்த்துவிட்டுப் பீடத்துக்கு வா என்று ஆண்டவர் சொன்னதை இந்தச் சபையில் அப்படியே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் விஜயராணியம்மாதான். என்ன, பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். பீடத்துக்கு வரவில்லை, தீர்க்கவும் போகவில்லை. ஏனென்று கேட்டால், ஒட்டினது சரிதானே ஐயா, சரியாகச் செய்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்கிறார். அக்காவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவர் மாதாமாதம் பெயர் கொடுத்தார், வந்தார், வாங்கிக்கொண்டார். அவர் மனசாட்சியில் செக்கிங் செக்‌ஷன் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த வசனத்தையே பிரசங்கமாக எடுத்து, மூன்றாம் வரிசையையும் கடைசி வரிசையையும் மாறி மாறிப் பார்த்து முப்பத்தைந்து நிமிஷம் முழங்கினேன். வாசலில் ராமுத்தாய் என் கையைப் பிடித்து, நன்றாக உறைக்கிற மாதிரிச் சொன்னீர்கள், கேட்க வேண்டியவர் காதில் விழுந்ததோ என்னமோ என்றார். பத்து நிமிஷம் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கையும் ஒரு வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்.

இந்த வருஷம் ஈஸ்டரும் முதல் ஞாயிறும் ஒன்றாக வந்தன. பீடத்து வெள்ளைத் துணி பழுத்து மஞ்சளாகிவிட்டது. சோமனூரில் நல்ல வெள்ளைத் துணி எடுத்து, தைக்கும்படி ராமுத்தாயிடம் கொடுத்தேன். தங்கையிடம் சொல்லவில்லை. அக்காவின் கைவேலையைப் பார்த்ததும் இவர் மனம் இளகிவிடும் என்பது என் திட்டம். அதைத் திட்டமென்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை துணியை மேஜையில் விரித்தார் விஜயராணியம்மா. ஓரத்தைத் திருப்பித் தையல் முடித்திருக்கும் விதத்தைப் பார்த்ததுமே, “அக்கா தச்சதா?” என்றார். நான் ஆமென்றேன். ஓரம் முழுவதையும் அங்குலம் அங்குலமாக விரலால் தடவிக்கொண்டே முக்கால் மணி நேரம் பார்த்தார். கடைசி மூலையில் விரல் நின்றது. மூன்று தையல் விட்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால்தான் எனக்கே தெரிந்தது. பீடத்துக்குப் பின்னால் தொங்கப்போகிற மூலை, எலிகளைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை, நாளைக்கு ஈஸ்டர், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் பைபிளைத் திறந்து தாளை எடுத்து அம்பை ஒட்டினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சமாதானம் பண்ணி வைக்கப்போய் அக்காவுக்கு நூற்றுப் பதினேழாவது அம்பை வாங்கிக் கொடுத்த போதகர் என்று என்னைப் பற்றிச் சபை வரலாற்றில் எழுதுவார்கள். விஜயராணியம்மா துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வண்டிய எடுங்க ஐயா.”

ராமுத்தாய் குடியிருப்பது மண்ணரைப் பகுதியில், ஆறு வீடு வரிசையாக உள்ள ஒரு லைன் வீட்டில். வீட்டுச் சொந்தக்காரர் மயிலாத்தாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ராமுத்தாய் மிஷினில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். விஜயராணியம்மா படியேறவில்லை, கீழேயே நின்றார்.

“அக்கா, ஒரு மூலையில மூணு தையல் விட்டிருக்கு.”

பதினேழு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ராமுத்தாய் எழுந்து வந்து துணியை வாங்கி அம்பைப் பார்த்தார். “இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த?”

“ஆமா. அன்னைக்கும் மொத உங்கிட்டதான் வந்து சொல்லீருக்கணும். அவன் மேசைக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. ஒட்டுனது சரிதான்க்கா. கொண்டுபோனது என் தப்பு.”

ராமுத்தாய் துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மயிலாத்தாள் என் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எங்கூட்டுல எட்டு வருசமா குடியிருக்கறாங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க சாமி.”

திரும்பி வந்தோம். இறங்கும்போது விஜயராணியம்மா, வண்டியின் பின்னால் வலது இண்டிகேட்டர் எரியவில்லை என்றார்.

ஈஸ்டர் காலை ஏழரைக்கு ஆராதனை. ஏழு இருபது வரைக்கும் பீடம் வெறும் மரமாக நின்றது. பழைய மஞ்சள் துணியையே விரிக்கலாமா என்று கேட்டதற்கு விஜயராணியம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கியை மாட்டிக்கொள்ளப் போய்விட்டேன். அப்போது ராமுத்தாய் வந்தார், வடக்கு வாசல் வழியாக. அது தங்கையின் வாசல். துணியின் ஒரு நுனியை நீட்டினார், தங்கை பிடித்துக்கொண்டார். இருவரும் விரித்தார்கள். அந்த மூலையில் தையல் போட்டிருந்தது, அம்பு அப்படியே இருந்தது. விஜயராணியம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ராமுத்தாய் அம்பை உரித்துத் தங்கையின் தோளில் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

“தப்ப ஒத்துக்கிட்டவ மேலயே இருக்கட்டும். பேர எழுதுனியாடி?”

சனிக்கிழமையோடு பெயர் எழுதுவது முடிந்துவிட்டது என்றார் தங்கை. அக்கா என்னைப் பார்த்தார். லுத்தரன் ஒழுங்குமுறைகளின் காவலனாகிய நான் ஓடிப்போய் நோட்டை எடுத்து, என் கையாலேயே அவர் பெயரை எழுதினேன்.

அதில் ஒரு சிக்கல். விஜயராணியம்மா எண்ணி வைத்தால் எண்ணி வைத்ததுதான். என்னையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று பேர், தட்டில் நூற்று நாற்பத்து மூன்று அப்பம். பாக்கெட்டில் மிச்சம் இல்லை, புதுப் பாக்கெட் அடுத்த மாதம்தான் வரும். என் அப்பத்தை இரண்டாக உடைத்துப் பாதியைத் தின்றேன். மற்றப் பாதி தட்டின் ஓரத்தில் கிடந்தது.

கடைசி ஆளாக வந்து முழங்காலிட்டார். தோளில் அந்தச் சிவப்பு அம்பு. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பாதி அப்பத்தை நீட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“உடைஞ்ச பீஸ் ஐயா.”

“தெரியும்மா,” என்றேன். “வாங்கிக்கங்க.”

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.