வார இறுதியில் காசி: யார் எதை விடப்போகிறீர்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்

பிப்ரவரி முதல் வாரம் எங்கள் மார்க்கெட்டில் சாக்கடை வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை வாசலில் பள்ளம் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். நான் கைப்பேசியை எடுத்து வாராணசிக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

தில்லி மயூர் விஹாரில் எனக்குக் காபித்தூள் கடை. போடியிலிருந்து வந்து, லோதி ரோடு, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் படியேறிப் பொட்டலம் விற்று, அந்தக் காசில் பிடித்த கடை. எங்கள் வியாபாரமே சனி, ஞாயிறுதான். அதனால் தில்லித் தமிழர்களில் பாதிப் பேர் காசிக்குப் போய்வந்து எங்களுக்குக் கங்கைச் சொம்பு கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் போனதில்லை. டிக்கெட்டைக் காட்டியபோது என் மனைவி செல்வி நம்பவில்லை.

"பள்ளத்தை வெள்ளிக்கெழமையே மூடிட்டா கேன்சல் பண்ணிருவீங்களே."

"மூடுனாலும் போறோம்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே எவ்வளவு ஆசை என்று தெரிந்தது.

இனி கணக்கு. புது தில்லியிலிருந்து காலை ஆறு மணி வந்தே பாரத். கிட்டத்தட்ட எழுநூற்றைம்பது கிலோமீட்டர், எட்டு மணி நேரம். சேர் கார் ஆளுக்கு ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம், சாப்பாடு சேர்த்து. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அதே மாதிரி திரும்பும் வண்டி. நடுவில் முழுதாக ஒரு நாள் கையில் நிற்கும். காலை வண்டிக்குக் கிளம்பும் நேரத்தில் மெட்ரோ ஓடாது. டாக்ஸியை முதல் நாளே சொல்லி வையுங்கள். எங்களுக்கு 310 ரூபாய் ஆயிற்று. சிவராத்திரியை ஒட்டிப் போகாதீர்கள், அறை வாடகை மூன்று மடங்கு.

கான்பூர் தாண்டியதும் காபி வந்தது. தூள் பொட்டலமும் வெந்நீரும். செல்வி அதைக் கலக்கி மெதுவாகக் குடித்தாள். இப்படிப்பட்ட காபியை அவள் தொடவே மாட்டாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில கங்கையில காபிய விடப்போறேன். இன்னிக்கு ஒரு நாள்தானே, எதுவா இருந்தா என்ன?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவிட வேண்டும்; பிறகு ஆயுசுக்கும் தொடக்கூடாது. கயாவில் விடுவதுதான் முறை என்பார்கள். எங்கள் பக்கம் காசியிலேயே முடித்துவிடுவார்கள். காபியை விடுபவர்களும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அது நடக்கக்கூடாது. எங்கள் கலவை முழுக்கச் செல்வியின் நாக்கு. ஒவ்வொரு மூட்டைக்கும் வறுப்பு எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அவள் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் அரைப்போம். எனக்குச் சூடு தெரியும், சர்க்கரை தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"மாம்பழத்தை விடேன்," என்றேன்.

"எனக்குத்தான் மாம்பழம் பிடிக்காதே."

"அதான் சொல்றேன்."

"நீங்க எதை விடப்போறீங்க?"

"பாகக்காய்."

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க பாகக்காய் தின்னு நான் பார்த்ததில்ல," என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிரயாக்ராஜ் வரை முருங்கைக்காய், கொய்யா, சேப்பங்கிழங்கு என்று ஒவ்வொன்றாகக் கடை விரித்தேன். ஒன்றும் போணியாகவில்லை.

மூடுபனியால் வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் அனுமான் காட் படித்துறைக்கு நானூறு என்றார். "பையா, தில்லியிலிருந்து வருகிறேன்" என்று இந்தியில் சொன்னேன். "தில்லிக்காரர் என்பதால்தான் நானூறு" என்றார். நூற்றைம்பதுக்கு இ-ரிக்‌ஷா பிடித்தோம். தங்குவதற்கு அனுமான் காட் பக்கம் பாருங்கள். தமிழ்ப் பலகைகள், இட்லி, பேச ஆள் எல்லாம் உண்டு. அறை 1,400. மாலையில் படித்துறைகள் வழியாகவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து தசாஸ்வமேதத்துக்குப் போய் ஆரத்தி பார்த்தோம். அந்த விளக்குகளை எழுத எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் ஒரு மணி நேரம் கடையை நினைக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

ஞாயிறு விடியலில் படகு. படகுக்காரர் எழுநூறு கேட்டார், ஐந்நூற்றுக்கு முடித்தேன். அக்கரை மணல்திட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் குளித்ததும் திரும்பக் கூட்டிவர வேண்டும். அங்கே தண்ணீர் சுத்தம். வெயில் ஏற ஏற, எதிரே படித்துறைகள் ஒவ்வொன்றாகப் பொன்னிறமாகும். காசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

துடுப்பை நிறுத்திவிட்டுப் படகுக்காரர் இந்தியில் கேட்டார்: "பாபுஜி, க்யா சோடேங்கே?" எதை விடப்போகிறீர்கள் என்று. நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார், தெற்கேயிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கரேலாவைத்தான் விடுகிறார்களாம். கங்கா மாதாவிடம் இந்நேரம் ஒரு பாகற்காய்த் தோட்டமே இருக்கும் என்றார். செல்வி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

மணலில் இறங்கியதும் கடைசியாக ஒருமுறை பேசிப் பார்த்தேன். "ஒரு வருஷம் கழிச்சு விடு செல்வி. அதுக்குள்ள ஆள் பார்த்துர்றேன்."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள். "ஏங்க, எங்க காபி குடிச்சாலும் எனக்குக் குறைதான் தெரியுது. தங்கச்சி வீட்டுல குடுத்தா, வறுப்பு கூடிப்போச்சேன்னு நாக்கு சொல்லுது. அவ மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கிறேன், உள்ள சிக்கரி எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன். சாப்பாடும் அப்படித்தான் ஆகிட்டு வருது. எனக்குக் காபின்னா உசுரு. அதான் விடச் சொல்லியிருக்காங்கல்ல, உசுரா இருக்கறத."

பேரத்தில் எதிராளி உண்மையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விலை பேச முடியாது. நான் கையைப் பிடித்தேன். தண்ணீர் பனிக்கட்டி. மூன்று முழுக்குப் போட்டு எழுந்தாள், பற்கள் தந்தியடிக்க. "விட்டாச்சு," என்றாள். படகுக்காரர் முன்னால் எனக்குப் பாகற்காய் என்று சொல்ல வாய் வரவில்லை. பலாப்பழத்தை விட்டேன். உசிராகச் சாப்பிடுவேன். தில்லியில் நல்ல பலாப்பழம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கரைக்கு வந்து சந்துக்குள் மலையோ சாப்பிட்டோம். பாலைப் பனியில் வைத்துக் கடைந்த நுரை, குங்குமப்பூ வாசனை, மண் கிண்ணம், நாற்பது ரூபாய். குளிர்காலத்தில்தான் கிடைக்கும். வாயில் வைத்ததும் காணாமல் போகும். செல்வி இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

"இனிப்பு எப்படி, கூடவா?" என்றேன், பழக்கத்தில்.

"தெரியல. பார்க்கல," என்றாள், நுரை மூக்கில் ஒட்டியிருக்க.

விஸ்வநாதர் கோயிலுக்கு ஒன்பது மணிக்குப் போனோம். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். லாக்கர் இலவசம் என்று கூப்பிடும் கடைகளில் வைத்தால், திரும்பும்போது பூஜைத் தட்டு வாங்காமல் விடமாட்டார்கள். நானே ஒரு கடைக்காரன், அந்த வித்தை எனக்குத் தெரியும். வரிசையில் ஒரு மணி பத்து நிமிடம். விசாலாட்சியையும் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு அறையைக் காலி செய்து ரயிலுக்குப் போனோம். படகு, வண்டி, அறை எல்லாம் சேர்த்து இருவருக்கும் பதினோராயிரத்துக்குள் முடிந்தது.

இப்போது மூட்டை வந்தால் நான்தான் குடித்துப் பார்க்கிறேன். செல்வி கல்லாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள், என் பக்கம் திரும்புவதில்லை. போன வாரம் தமிழ்ப் பள்ளி டீச்சர் ஒருவர் தூளை முகர்ந்து பார்த்து, "என்ன, தூள் மாறியிருக்கே?" என்றார்.

"இப்ப நான்தான் ருசி பாக்குறேன், டீச்சர்."

"அச்சா. தெரியுது," என்றார். வழக்கமாக அரைக் கிலோ வாங்குபவர் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனார். கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே காசிக்குக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை: யார் எதை விடப்போகிறீர்கள் என்று டிக்கெட் எடுக்கும் முன் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். கான்பூருக்குப் பிறகு தொடங்கினால் பேரம் பேச நேரம் போதாது. நான் முன்பே கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதே டிக்கெட்டைத்தான் எடுத்திருப்பேன்.