சத்தம் மட்டும் கேட்ட அருவி

சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் புதுப் பாவாடையைப் பற்றியும் ஐஸ்கிரீமைப் பற்றியும்தான் யோசித்தேன். மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்புவதுபோல, கல்யாணப் பெண்ணும் இரண்டு மூன்று நாளில் சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் போகவில்லை. தாம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் புத்தகப் பையை மாட்டும் ஆணியில் அவளுடைய கைப்பை தொங்கியது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவருடைய பைக் சத்தம் கேட்டதும் தெருமுனைக்கு ஓடுவேன். அங்கிருந்து வீடு வரைக்கும் பின்சீட்டு எனக்கு. "இன்னா பாஸ், இன்னிக்கு இன்னா ரிப்போர்ட்?" என்று கேட்பார். வகுப்பில் யார் அடி வாங்கினார்கள், யார் பென்சிலைத் தொலைத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பேன். உலகத்தில் அவருக்கு நான் ஒருத்திதான் பாஸ்.

கல்யாணத்துக்குப் பிறகு பின்சீட்டு சித்திக்குப் போனது. என்னைத் தூக்கி முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்தார். வெயிலில் டேங்க் சுட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னா பாஸ், இன்னும் ரசம் கீதா?" என்றார். கொண்டுவரலாம் என்று எழுந்தேன். அவர் கேட்டது சித்தியை. அவள் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினாள். நான் எழுந்தது எழுந்தபடி கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவளைச் சித்தி என்று கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் "இங்க பாருங்க" என்பேன்.

கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, சித்தப்பாவுக்கு மஸ்கட்டிலிருந்து விசா வந்துவிட்டது. எப்போதோ எழுதிப் போட்டிருந்த வேலை. இரண்டு வருடம் கழித்துத்தான் லீவு. அடுத்த வெள்ளிக்கிழமையே விமானம் ஏற வேண்டும் என்றார்கள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவி, "பாவம், இவதான் தேடுவா" என்றார்கள். சித்தியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு நாள், சித்தியை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்று சித்தப்பா நினைத்தார். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போக நாளும் இல்லை, வசதியும் இல்லை. ஆந்திர எல்லையில் தடாவைத் தாண்டி மலைக்குள் ஓர் அருவி இருப்பதாகப் பட்டறை நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ரயில், பஸ், ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. கையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டால் பெரிய செலவு கிடையாது. சித்தி அதுவரை அருவியையே பார்த்ததில்லை. அவள் பார்த்த பெரிய தண்ணீர் கொளவாய் ஏரிதான், அதுவும் ஓடுகிற ரயிலிலிருந்து.

விஷயம் என் காதில் விழுந்ததும் நானும் வருவேன் என்றேன். அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினாள். நான் கத்தினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலமும் சாப்பிடவில்லை. அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, வேண்டுமானால் வண்டலூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். புலியை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றேன். கடைசியில் சித்திதான் அம்மாவிடம் வந்து, "வரட்டும்க்கா. அழுவுது பாருங்க" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் சித்தப்பாவோடு போக எனக்கு அனுமதி கொடுக்க இவள் யார்?

விடியற்காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிய பை சித்தியிடம் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டிருந்தாள். அவளிடம் வேறு செருப்பு கிடையாது. எப்போதும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ளும் நான் அன்றைக்கு ஜன்னலே வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே போய்க் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தபோதும் நடுவில்தான். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அப்படியே. சித்தப்பா ஏதாவது சொல்லச் சித்தி பக்கம் சாய்ந்தால் எனக்குத் தாகம் எடுக்கும். சித்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள்.

ஆட்டோ இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஓடையை ஒட்டி நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் மண்பாதை. அப்புறம் பாதை என்று ஒன்றும் இல்லை, பாறைகள்தான். யானை படுத்திருப்பதுபோல ஒவ்வொன்றும் வழவழவென்று கிடந்தது. நான் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருந்ததால் குதித்துக் குதித்து முன்னால் போனேன். பின்னால் வருபவர்கள் என்னைப் பாராட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சித்தி செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்திருந்தாள். இன்னொரு கை சித்தப்பாவின் கைக்குள் இருந்தது. பாறை இல்லாத இடத்திலும் அவர் அந்தக் கையை விடவில்லை. அவள் ஏதோ சொல்ல, அவர் சத்தமாகச் சிரித்தார். என்னிடம் அப்படி அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

உச்சி வெயில் நேரத்தில் ஒரு குளத்துக்கு வந்து சேர்ந்தோம். பச்சையான தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. அருவி இன்னும் மேலே இருந்தது. அங்கே குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த இரண்டு பேர், "இன்னும் அரை மணி நேரம் ஏறணும், பாறை ஏறிட்டா நேரா முன்னால நிக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். மலைக்குள்ளே அதன் சத்தம் கேட்டது. பக்கத்துத் தெருவில் லாரி நின்று உறுமுவதுபோல ஒரு சத்தம். சித்தி தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா பாஸ்?" என்றார் சித்தப்பா. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

நான் நின்றிருந்த பாறை முழங்கால் உயரம்கூட இருக்காது. அதிலிருந்து இறங்கி, வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அழுகை நிஜம். கால்தான் பொய்.

சித்தப்பா ஓடிவந்து ஷூவைக் கழற்றினார். தொட்ட இடத்திலெல்லாம் வலிக்கிறது என்றேன். வீக்கம் ஒன்றும் தெரியவில்லையே என்றார். உள்ளே வலிக்கிறது என்றேன். சித்தி முந்தானையை நனைத்து வந்து கணுக்காலில் சுற்றினாள். அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சை சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். மறுபடி எழுந்து நடந்து பார்க்கச் சொன்னார்கள். ஒரு அடி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

சித்தி சொன்னாள்: "நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இவகூட இருக்கேன். இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"உனக்குக் காட்டத்தானே வந்தது. எனக்கு இன்னாத்துக்கு ஃபால்ஸு?"

"அப்ப வாங்க, கெளம்பலாம். இருட்டறதுக்குள்ள ரயிலப் பிடிக்கணும்."

அந்த 'உனக்கு' மட்டும்தான் என் காதில் நின்றது. அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சித்தப்பா என்னை முதுகில் ஏற்றிக்கொண்டார். வந்த பாறைகள் எல்லாவற்றையும் திரும்பவும் தாண்டினோம். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவருடைய வேர்வைச் சட்டையில் புதைத்துக்கொண்டேன். வெகுநாள் கழித்து எனக்குப் பின்சீட்டு கிடைத்ததுபோல இருந்தது. சித்தி சாப்பாட்டுப் பை, துணிப் பை, தண்ணீர் பாட்டில், என் வலது கால் ஷூ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பாறையில் ஏறவும் இறங்கவும் அவளுக்கு இப்போது கை கொடுக்க ஆள் இல்லை. ஒருமுறை வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா நின்று திரும்பினார். "ஒண்ணுமில்ல, நடங்க" என்றாள். செருப்பு ஒன்றின் வார் அறுந்துபோயிருந்தது. ஓடைச் சத்தம் அடங்கி மண்பாதை வந்த பிறகும் அவள் இரண்டு முறை நின்று மலையைத் திரும்பிப் பார்த்தாள். சீக்கிரம் வராமல் என்ன வேடிக்கை என்று நினைத்தேன்.

ரயிலில் சித்தப்பா மடியில் தலையும் சித்தி மடியில் காலும் வைத்துத் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, அருவியெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டாள். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தி சொல்லத் தொடங்கினாள். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறதாம், பக்கத்தில் போனாலே முகமெல்லாம் சாரல் அடிக்கிறதாம், பனிக்கட்டி மாதிரி குளிராம். திரும்பும்போதுதான் குழந்தைக்குக் கால் பிசகிவிட்டதாம். நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். பார்க்காத அருவியை ஒருத்தி இத்தனை விவரமாகச் சொல்ல முடியுமா என்று அவளை ஆச்சரியமாகப் பார்த்தேன். பொய் சொல்வதில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று தோன்றியது. சித்தப்பா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சாப்பிட்ட பிறகு தைலப் புட்டியோடு சித்தி என் பாயில் வந்து உட்கார்ந்தாள். "காலக் காட்டு" என்றாள். நீட்டினேன். தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, கணுக்காலைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தாள். அவளுடைய குதிகாலில் ஒரு துணிக் கட்டு இருந்தது. நன்றாகத் தேய்த்து முடித்துவிட்டு, அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இது இடது கால். காலைல அம்மா கேட்டா வலது காலச் சொல்லு, என்னா."

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சித்தப்பா போனார். விமான நிலையத்தில் நான் போட்ட சத்தத்தில் என்னைச் சமாதானப்படுத்தவே எல்லாருக்கும் நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் சித்தி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளிப் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மேடவாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டு ஆன்ட்டி, அவர்கள் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். சித்தப்பா அதற்குள் கிளம்பிவிட்டாரா என்று விசாரித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "சரி, ஹனிமூன் எங்க போனீங்க? அதயாவது சொல்லும்மா" என்றார்.

ஹனிமூன் என்பது ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊர் என்றும், அங்கே போக ஸ்வெட்டர் வேண்டும் என்றும் நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தி சித்தப்பாவின் சட்டையை எடுத்து மறுபடி மறுபடி உதறினாள். அவளுக்குத் தெரியவில்லை போல என்று நானே சொன்னேன்.

"ஹனிமூனுக்கெல்லாம் போகல ஆன்ட்டி. அருவிக்குத்தான் போனோம். நாங்க மூணு பேரும்."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சித்தி சட்டையைக் கொடியில் போட்டு, இரண்டு தோளிலும் கிளிப் மாட்டி, "ஆமாக்கா, மூணு பேரும் போனோம்" என்றாள்.

இவ்வளவு வயதாகியும் ஆன்ட்டிக்கு ஹனிமூன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் அன்றைக்கு மிகவும் பரிதாபமாக இருந்தது.