வாசம் வருதா என்று கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் டீக்கு வரிசையில் நின்றபோது கைப்பேசியில் செய்தி வந்தது: "நம்ம பிசாங் பாய் மௌத்தாகிட்டாரு." பாசிர் ரிஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எதற்கும் தாமதமாகப் போவது என் வழக்கம். இந்த முறை அதைச் சொல்லிச் சிரிக்கத் தெம்பில்லை.

கப்பல் பட்டறையில் எங்களோடு இருந்தவர்களுக்கு ஜமால் பாயைத் தெரியும். கப்பலின் டேங்குக்குள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பவர்களின் முகமூடியில் கசிவு உண்டா என்று பார்ப்பது அவர் வேலை. ஐசோஅமைல் அசிடேட்டைப் பஞ்சில் நனைத்து முகமூடியைச் சுற்றிக் காட்டுவார். பழுத்த வாழைப்பழ வாசனை வரும். வாழைப்பழம் மலாயில் பிசாங், அதனால் அவர் பிசாங் பாய். வாசம் மூக்குக்கு எட்டினால் முகமூடி சரியில்லை. "வார்னிஷைக் கரைக்கும், மிட்டாய்க்கு மணம் குடுக்கும், நெருப்பக் கண்டா குப்புனு பத்தும். நம்ம மேனேஜர் மாதிரிதான் லா" என்பார், மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களிடம் "வாசம் வருதா?" என்று கேட்டால், "சூப்பரா வருது சார்!" என்று மரியாதையாகச் சொல்வார்கள். "கல்யாணப் பந்தியா, நல்லாருக்குன்னு சொல்ல? வந்தா ஃபெயில் லா!" சேதி பரவியது. அப்புறம் எல்லோரும் மூச்சு விடாமல் "வரலை" என்றார்கள். பாயும் லேசுப்பட்டவரில்லை. முகமூடி மாட்டும் முன்பே பஞ்சை நீட்ட ஆரம்பித்தார். வெறும் மூக்கோடும் "வரலை" என்றால் பொய் வெளுத்துவிடும்.

அதில் மாட்டியவன் நான். காய்ச்சலில் என் மூக்கு செத்திருந்தது. தெரிந்தால் வேலை பர்மிட் போய்விடும் என்று பயம். பஞ்சை நீட்டியதும் பழக்கதோஷத்தில், "வரலை பாய்."

"முகமூடி எங்கடா?"

தொட்டுப் பார்த்தேன். முகம் மட்டும்தான் இருந்தது.

"ஊருக்கு அனுப்பிடுவாங்க பாய்" என்று கெஞ்சினேன்.

"அனுப்பினா சீட்ல உக்காந்து போவே. உள்ள இறங்குனா பெட்டியில போவே. எது வேணும்?"

டேங்குக்குள் விடவில்லை. ஆபீஸில் போய்ச் சண்டை போட்டு, முகமூடி கழுவும் அறையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். நானோ ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. அவரைப் பற்றி மட்டும் எல்லோரிடமும் பேசினேன். காதுக்குப் போனதும் சொன்னாராம்: "திட்டுறதுக்கு மூச்சு இருக்குல்ல? போதும்."

அவர் ஓய்வு பெற்றபின் பஞ்சு என் கைக்கு வந்தது. காலையில் நீளமான வரிசை, பின்னால் "சீக்கிரம் லா" என்ற கூச்சல். அலுப்பில், போகட்டும் என்று விட்டுவிடத்தான் தோன்றுகிறது. ஆனாலும் முகமூடியைக் கழற்றச் சொல்லித்தான் முதலில் கேட்கிறேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். நேற்று ஒருவரை அப்படி வெளியே நிறுத்தினேன். சாயங்காலம் என்னை முறைத்துக்கொண்டே விடுதிக்கு நடந்து போனார்.